நாள் மறந்த பெட்டி

எங்கள் வீட்டுக் கணினி ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை 2009ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போனது. முதல் தடவை அதை அங்கே அனுப்பியவள் நான். மற்ற இரண்டு தடவையும் அது தானாகவே போனது என்று நெடுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியா என்ற பகுதியின் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய சந்தில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவினார். சினியோரா என்று நாங்கள் சொல்லும் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணை அம்மா பராமரித்தார். வியாழக்கிழமை பிற்பகல் மட்டும் அம்மாவுக்கு ஓய்வு. இந்தக் கதையில் நான் பயந்த இடமெல்லாம் பிற்பகலில்தான் வருகிறது. பேய்க்கதை இரவில்தான் நடக்கும் என்று நம்புகிறவர்கள் எங்கள் சந்துக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்து பார்க்க வேண்டும். காலை முழுவதும் மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் தொண்டை கிழியக் கூவிய இடம் அப்போது வாயை மூடிக்கொள்ளும். மரச் சாளரங்கள் எல்லாம் சாத்தியிருக்கும். சிரோக்கோ என்ற சூட்டுக் காற்று வீசும் நாளென்றால் கண்ணுக்குத் தெரியாத மண் பல்லில் கடிபடும். ஊர் முழுவதும் யாரோ ஒருவருக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

கணினியை அப்பா சந்துமுனையில் பழைய சாமான் விரிப்பவரிடம் வாங்கித் தோளில் சுமந்து வந்தார். நவராத்திரிக்கு அம்மா அதன் நெற்றியில், அதாவது பொத்தானுக்குச் சற்று மேலே, சந்தனப் பொட்டு வைத்தார். அதற்கு மேலே சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று அம்மாவின் அப்பா. அவருக்கும் பொட்டு இருந்தது, பிளாஸ்டிக் மாலை இருந்தது. மற்றது அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. அவர் இலங்கையில், வன்னியில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். அவருக்குப் பொட்டும் இல்லை, மாலையும் இல்லை. வீட்டில் ஒரு கணினிக்குக் கிடைத்த மரியாதை மாமாவுக்குக் கிடைக்கவில்லையே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அப்பா என்னைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார், வீட்டில் வெங்காயம் இருக்கும்போதே.

அந்தக் கணினிக்குள் மாமாவின் குரல் இருந்தது. சண்டை முடியும் தறுவாயில், யாரிடமோ இருந்த சற்றலைட் போனில் அவர் ஒருமுறை கதைத்தார். அப்பாவின் கைபேசி அதைப் பதிந்துகொண்டது. ஒரு நிமிடம் பதினொரு வினாடி. "அக்கா... அக்கா, கேக்குதோ?" என்று தொடங்கும். நடுவில் இரைச்சல். "நாங்கள் நல்லா இருக்கிறம், நீங்கள் யோசியாதேங்கோ" என்று வரும். "பிறகு எடுக்கிறன்" என்று முடியும். பிறகு எடுக்கவில்லை. கோப்பின் பக்கத்தில் நாள் தானாகப் பதிந்திருந்தது: 2009, மே 13. ஒவ்வொரு வியாழனும் அம்மா அடுப்படியில் நின்றபடி, "தம்பியின்ரை குரலைப் போடு பிள்ளை" என்பார். நான் போடுவேன். அது எங்கள் வீட்டில் வியாழக்கிழமைக்குரிய ஒரு சத்தம், மற்ற வீடுகளில் வானொலி மாதிரி.

அதே நகரில் சீசா என்ற பகுதியில் மாமி இருந்தார், அப்பாவின் தங்கை. மாமியின் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனுடைய கணினி என்னுடையதைவிட வேகமானது என்பதை அவன் எனக்கு மறக்க இடம் கொடுத்ததே இல்லை.

"உன்ரை பெட்டி லாப்பா" என்பான். லாப்பா என்பது சந்தையில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு தடதடவென்று போகும் மூன்று சக்கர வண்டி. மோட்டோ என்றால் மோட்டார் சைக்கிள். "என்ரை மோட்டோ. லாப்பாவிலை இருந்துகொண்டு மோட்டோவைப் பிடிக்கேலுமே?"

"ஏன் ஏலாது? ரெண்டும் ஓடுறதுதானே."

"இரண்டாயிரத்து நானூறு மெகாஹேட்ஸ் எங்கை, மூவாயிரம் எங்கை? கணக்குப் படி, விசரி."

படித்தேன். அதுதான் என் குணம். யாராவது ஏலாது என்றால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. நூலகத்துக் கணினியில் இத்தாலிய மொழி இணையக் குழுமங்களை ஒரு வாரம் முழுவதும் வாசித்தேன். ப்ராசசருக்கு வெளியே ஓர் அடிப்படைத் தாளம் ஓடுகிறது. ப்ராசசர் அந்தத் தாளத்தை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கித் தன் வேகத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த எண்தான் மல்டிப்ளையர். கட்டம் போட்ட கொப்பியில் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். என்னுடையது 266 தடவை 9. அவனுடையது 333 தடவை 9. இரண்டிலும் அதே ஒன்பது! அவனுடைய மோட்டோவுக்கும் என்னுடைய லாப்பாவுக்கும் ஒரே பல்சக்கரம். மிதிக்கிற கால்தான் வேறு. நான் 266ஐ 333 ஆக்கினால் போதும். அன்று நான் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினேன்.

கணினி கண் விழிக்கும்போது ஒரு விசையைத் தட்டினால் ஒரு நீலத் திரை வரும். அதில் எண்ணை மாற்றினேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, 2:3 என்று. அது ஏதோ விகிதம், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

அந்த வரி என்னவென்று இப்போது யாருக்கும் அரை நிமிடத்தில் விளக்கிவிடுவேன். அப்பா வேலை செய்த சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையற்காரர் கை தட்டுகிறார். ஒவ்வொரு தட்டலுக்கும் அடுப்பில் ஒன்பது வேலை நடக்கிறது, அது ப்ராசசர். பின்னால் தொட்டியருகில் அப்பா நிற்கிறார், அவர் மெமரி. அவருக்கு இட்ட கட்டளை வேறு: இரண்டு தட்டலுக்கு மூன்று கோப்பை கழுவிக் கொடுக்க வேண்டும். இந்த விகிதத்தைத்தான் டிவைடர் என்பார்கள். சமையற்காரர் வேகமாகத் தட்டத் தொடங்கினால் அப்பாவும் அதே விகிதத்தில் வேகமாகக் கழுவ வேண்டும், அவரால் முடியுமோ முடியாதோ. விகிதத்தைக் குறைத்திருந்தால் அவர் பழைய வேகத்திலேயே நின்றிருப்பார். நான் குறைக்கவில்லை. நானூறில் நிற்க வேண்டிய மெமரி ஐந்நூறில் ஓடியது. அப்படி ஓடுகிறவர் உடனே விழமாட்டார். நன்றாகத்தான் கழுவிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு கோப்பை அழுக்கோடு போகும். பிறகு ஒன்று கை நழுவும்.

அது ஒக்டோபர் மாதத்து வியாழன். சிரோக்கோ அடித்தது. அம்மா அடுப்படியில் மீனை மஞ்சள் தடவிப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா வேலையில். கணினி மூவாயிரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விசிறிச் சத்தம்கூட ஒரு படி உயர்ந்திருந்தது. மச்சானுக்கு எப்படிச் சொல்வது, எந்தத் தொனியில் சொல்வது என்று வசனம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பியின்ரை குரலைப் போடு பிள்ளை."

போட்டேன். இரைச்சல் வந்தது. "அக்கா" என்றார் மாமா. திரை அப்படியே உறைந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை.

"அக்கா... அக்கா... அக்கா... அக்கா..."

கணினி செத்துப்போகும்போது கடைசியாக வாயில் இருந்த சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் என்பது இப்போது தெரியும். அன்று தெரியாது. அந்தக் குரல் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், மூச்சு வாங்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மவுஸை அசைத்தேன். விசைகளைத் தட்டினேன். எதற்கும் அசையவில்லை. மூடிய சாளரத்தின் இடுக்கால் வந்த ஒரு கீற்று வெளிச்சத்தில் மண்துகள் மட்டும் அசைந்தது. சுவரில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஓடி வந்தார். இரண்டு கையும் மஞ்சள். என்னைப் பார்க்கவில்லை. கணினிக்கு முன்னால் குனிந்து, அவசரமாக, ஆனால் மிகச் சாதாரணமாகப் பதில் சொன்னார்.

"ஓம் தம்பி, கேக்குது. சொல்லு, கேக்குது."

"அக்கா... அக்கா... அக்கா..."

"சொல்லடா தம்பி!"

நான் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தான் கதைத்துக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து போனைப் பறித்து வைத்துவிட்டார்கள் என்பது போலப் பார்த்தார்.

பிளக்கைத் திரும்பச் செருகினேன். விசிறி சுற்றியது, திரை இருளாகவே கிடந்தது. மறுபடி அணைத்தேன், போட்டேன். வெறும் இருள். அம்மா மெதுவாகக் கேட்டார்: "தம்பியின்ரை குரல் போட்டுதோ?" போய்விட்டதா என்ற கேள்வி. வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அதுவரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வந்ததில்லை. பதிந்த கைபேசி எப்போதோ கடலில் விழுந்திருந்தது. மச்சானுக்கு எடுத்தேன்.

"டிவைடரைக் குறைச்சனியோ?" என்றான் முதல் வார்த்தையிலேயே.

"அது என்னது?"

"ஐயோ. சொல்ல மறந்திட்டன் போல." சிரித்தான். பிறகு நான் அழுவது கேட்டிருக்க வேண்டும், குரல் மாறியது. "சரி, அழாதை. பக்கத்துத் தகட்டைக் கழட்டு. உள்ளுக்குக் காசு மாதிரி ஒரு பற்றரி இருக்கும். அதை எடுத்துப்போட்டுப் பத்து நிமிசம் பொறு. திருப்பிப் போடு. பெட்டி நீ செய்ததெல்லாத்தையும் மறந்திடும்."

அம்மா டோர்ச் பிடித்தார். நான் திருகாணியைக் கழற்றி, நகத்தால் நெம்பிப் பற்றரியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். பத்து நிமிடமும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைக் கழட்டினால் எல்லாம் மறந்துபோமோ?"

"இல்லையம்மா. வேகமும் தேதியும்தான் மறக்கும். மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கும்."

"எந்தத் தேதிக்குப் போகும்?"

"தெரியாது. அதைச் செய்த காலத்துக்கு."

போட்டதும் ஒரு சின்னக் கீச்சொலியோடு திரை விழித்தது. கோப்பு இருந்தது. மாமா கடைசிவரை கதைத்தார். "பிறகு எடுக்கிறன்" என்றார். நான் கதிரையில் சரிந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் திரையின் வலது மூலையில் தேதியைக் கண்டேன்: 2009, ஜனவரி 1. திருத்துவதற்குக் கையை நீட்டினேன்.

"மாத்தாதை" என்றார் அம்மா.

"பிழையான தேதியம்மா."

"இருக்கட்டும். தொடாதை."

தேதியில் கை வைத்தால் குரலும் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார் என நான் விளங்கிக்கொண்டேன். தொழில்நுட்பம் தெரியாத மனிதர்களிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

தேதி பிழையான கணினியில் இணையம் ஒழுங்காக வேலை செய்யாது. பாதுகாப்பான தளங்கள் எல்லாம் உன்னை நம்பமுடியாது என்று கதவைச் சாத்திவிடும். அவற்றின் சான்றிதழ்கள் 2009இல் இன்னும் பிறந்திருக்கவில்லை. ஆகவே வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்போது சரியான தேதிக்கு மாற்றுவேன். முடித்ததும், அம்மா வருவதற்குள், பழையபடி 2009க்குக் கொண்டுபோய் விடுவேன். மறந்துபோகாமல் இருக்க அந்தத் தேதியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். தினமும் ஒரு நாள் கூட்டுவேன். மச்சானிடம் டிவைடர் பாடத்தை ஒழுங்காகக் கேட்டு, இரண்டுக்கு மூன்று என்பதை ஐந்துக்கு ஆறு ஆக்கி, கணினியை மறுபடி மூவாயிரத்துக்கு ஏற்றினேன். இப்போது அது ஒரு கோப்பைகூட உடைக்கவில்லை. மச்சான் வந்து பார்த்து, "ம்" என்றான். அவனிடமிருந்து அது பெரிய பட்டம்.

ஆனால் வீட்டுக்குள் ஏதோ மாறியிருந்தது. அம்மா வேலையால் வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் திரையின் மூலையைப் பார்ப்பார். சினியோராவின் வீட்டுக் காலம் ஒன்று, எங்கள் அறைக்குள் வேறொன்று. வெளியே மழை நவம்பர் என்றது. உள்ளே மூலையில் பெப்ரவரி நடந்தது. அப்பா அந்தப் பக்கம் வந்தால் திரையைப் பார்க்காமல் போவார்.

ஜனவரிக் குளிரில் ஒரு வியாழன், பாடசாலையால் வந்தபோது படி ஏறும்போதே ஏலக்காய் மணந்தது. அம்மா பாயசம் காய்ச்சியிருந்தார்.

"என்ன விசேசம்?"

"தம்பிக்குப் பிறந்தநாள்."

"மாமாவின்ரை பிறந்தநாள் ஏப்ரலிலை எல்லோ?"

அம்மா கரண்டியால் அறைப்பக்கம் காட்டினார். போய்ப் பார்த்தேன். மூலையில் ஏப்ரல். பாயசம் இனிப்பாகத்தான் இருந்தது. நான் அதைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வியாழன், மதியத் தூக்கத்தில் கிடந்த எனக்கு அம்மா யாருடனோ கதைப்பது கேட்டது. அப்பா வீட்டில் இல்லை. கைபேசி என் தலைமாட்டில் இருந்தது. கதவிடுக்கால் பார்த்தேன். சாத்திய சாளரங்களின் அரையிருட்டில் அம்மா திரைக்கு முன்னால் நின்றார். குரல் கோப்பு ஓடவில்லை.

"கரைப்பக்கம் போகாதை" என்றார் அம்மா, தாழ்ந்த குரலில், சொல்வழி கேளாத பிள்ளையிடம் சொல்வது போல. "சனம் போகுதெண்டு நீயும் போகாதை. சொல்லிப்போட்டன். இன்னும் ஒரு மாதம் கிடக்குது."

எதற்கு ஒரு மாதம் என்று எனக்கு விளங்கவில்லை. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அந்தச் சூட்டிலும் அதை விலக்கப் பயமாக இருந்தது. குளிருக்கு அறையில் போட்டிருந்த ஹீட்டரின் சூடு.

மார்ச் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு வியாழன், பாடசாலையால் வந்து திரையைப் பார்த்தேன். துண்டுக் கடதாசியில் மே 11 என்றிருந்தது. மூலையில் ஜனவரி 1. ஆண்டு அதே 2009.

கணினி மெதுவாகவும் ஓடியது. நீலத் திரைக்குள் போய்ப் பார்த்தால் என் 333 போய், பழைய 266 திரும்பியிருந்தது.

"அம்மா, இது தானாப் பின்னுக்குப் போயிருக்குது!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "அப்பிடியோ?" என்றார். "பழசுதானே. நிண்டிட்டுது போல."

மாமி அந்த ஞாயிறு வந்தபோது வழக்கமான பேச்சு எழுந்தது. மாமிக்கு ஒளித்து மறைத்துக் கதைக்கத் தெரியாது.

"மச்சாள், அஞ்சு வருசமாகப் போகுது. ஒரு நாளைக் குறிச்சுச் செய்யவேண்டியதைச் செய்யுங்கோ. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பிடி சோறு போய்ச் சேரட்டும்."

"எந்த நாளை?" என்றார் அம்மா. "ஒரு நாளைச் சொல்லுங்கோ மச்சாள், செய்யிறன்."

ஒருவருக்கும் அந்த நாள் தெரியாது. அப்பா எழுந்து தேத்தண்ணி போடப் போனார்.

நான் மறுபடி வேகத்தை ஏற்றினேன்; மறுபடி கடதாசி ஒட்டினேன். கணினி மறுபடி பெப்ரவரி, மார்ச் என்று நடந்தது. வெளியே கோடை வந்தது. யூலையில் ஒரு வியாழன், கடற்கரையால் தலை நனைந்து வந்தேன். கடதாசியில் மே 12. மூலையில் ஜனவரி 1.

அந்தப் பெட்டி மே 13ஐ, மாமா கதைத்த நாளை, தொடுமுன் கடிவாளம் இழுத்த குதிரை போலத் திரும்புகிறது. சுவரில் சிரிக்கும் மாமாவைப் பார்த்தேன். இது அவர் செய்கிற வேலையோ என்று ஒரு கணம், முழுதாக, நம்பினேன். சந்தில் ஒரு சத்தமும் இல்லை. ஈரத்தலையோடு அறைக்கு வெளியே வந்து, படிக்கட்டில் அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு சுளகு காய்ந்த மிளகாயோடு மொட்டைமாடியிலிருந்துதான் இறங்கி வந்தார், வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

பயத்தைக் கேள்வியால் விரட்டுவது என் வழக்கம். அன்று மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: பற்றரி இறந்துகொண்டிருக்கிறது. பழைய கணினிப் பலகைகளில் நடப்பதுதான்; குழுமங்களில் நூறு பேர் எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் சந்தைமுனைக் கடையில் ஒரு புதுப் பற்றரி வாங்கினேன். அம்மா சினியோரா வீட்டில் இருந்த நேரத்தில் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். திருகாணி கையாலேயே கழன்றது. நான் எப்போதும் இறுக்கித்தான் பூட்டுவேன். கொஞ்சம் யோசித்தேன், விட்டுவிட்டேன். பழைய பற்றரியின் மேல் பெருவிரல் அகலத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. துருவாக இருக்கும் என்று தீர்மானித்தேன். புதியதைப் பொருத்தினேன். திருகாணியைத் திருப்புளி கொண்டு முழுப்பலத்தோடு இறுக்கினேன். பிறகு, இவ்வளவு நாள் அம்மாவின் பயத்துக்கு இடம் கொடுத்தது போதும் என்று, தேதியையும் சரியாக வைத்தேன். ஐந்தரை வருடத்தை நாலு விசைத் தட்டலில் தாண்டினேன்.

அம்மா வந்தார். மூலையைப் பார்த்தார். கைப்பை தோளிலேயே இருந்தது.

"பற்றரி போட்டுதம்மா. புதுசு போட்டிருக்கிறன்" என்றேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

"இனிப் பின்னுக்குப் போகாதோ?"

"போகாது. அஞ்சு வருசத்துக்குப் போகாது. நான் உறுதி."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். "பழசு எங்கை?"

குப்பைக்கூடையைக் காட்டினேன். அம்மா போய்க் குனிந்து, வெங்காயத் தோலுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்து, சேலையில் துடைத்து, சாமித்தட்டில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தார். "தம்பியின்ரை குரலைப் போடு" என்றார். அன்று வியாழன்கூட இல்லை. கடைசிவரை கேட்டார். "பிறகு எடுக்கிறன்" வந்து முடிந்ததும், "சரி" என்றார், போனை வைப்பது போல. அதற்குப் பிறகு எந்த வியாழனும் அம்மா அதைக் கேட்கவில்லை.

புரட்டாதியில் மாளய அமாவாசை வந்தது. நாள் தெரியாதவர்களுக்கு அதுதான் நாள் என்று மாமி முன்பே சொல்லி வைத்திருந்தார். இந்தமுறை அம்மா மறுப்புச் சொல்லவில்லை. மாமாவின் படத்தை இறக்கித் துடைத்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சந்தையில் வாங்கிய வெள்ளைச் செவ்வந்தியைத் தானே கோத்துப் போட்டார். பொட்டு வைக்கும்போது விரல் ஒரு தடவை பின்வாங்கியது. அப்பா அறைக்கு வெளியே நின்று மூக்கைச் சிந்தினார். எனக்கு மாமாவின் முகம் திடீரென்று வயதானது போலத் தெரிந்தது, வியப்பாக இருந்தது.

மச்சான் அந்த வருடம் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்திருந்தான். புதிதாக ஒரு வோல்ட் மீட்டர் வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டிருந்தான். சோறு படைத்துக் காகத்துக்கு வைத்துவிட்டு எல்லோரும் இலைக்குக் காத்திருந்த நேரம், சாமித்தட்டில் அந்தப் பற்றரியைக் கண்டான்.

"இதென்ன, உங்கடை வீட்டிலை பற்றரிக்கும் பூசையோ?"

"அது செத்த பற்றரி. பெட்டியிலை இருந்தது. நான்தான் கண்டுபிடிச்சு மாத்தினனான்."

இரண்டு கம்பியையும் வைத்து அளந்தான். புருவம் உயர்ந்தது. மறுபடி அளந்தான்.

"எடியே விசரி, மூண்டு வோல்ட் முழுசாக் கிடக்குது. இது செத்த பற்றரி இல்லை. இன்னும் பல வருசம் ஓடும்."

"உன்ரை மீட்டர் பிழை."

"என்ரை மீட்டரோ பிழை? புது மீட்டர்!"

"புதுசெண்டால் பிழைக்காதோ? ரெண்டு தரம் தேதியை மறந்த பற்றரி. நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

அம்மா சோற்றுப் பானையோடு வந்தவர் எங்களுக்கு நடுவில் நின்றார். பானையை நிலத்தில் வைத்தார். மச்சானின் விரலிலிருந்து பற்றரியை எடுத்தார். அன்றும் மரக்கறிக்கு மஞ்சள் போட்ட கை. அதைப் பழைய இடத்தில், சிமிழுக்குப் பக்கத்தில், மெதுவாக வைத்தார்.

"சோறு ஆறுது. வாங்கோ" என்றார்.

இலையில் உட்கார்ந்தும் நான் விடவில்லை. மீட்டரின் கம்பி தளர்ந்திருக்கும், சூட்டில் அளவு கூடியிருக்கும் என்று மச்சானோடு ஒன்றொன்றாக வாதாடினேன். கடைசியில் அவன் களைத்துப்போய், "சரி, நீதான் கெட்டிக்காரி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்கு இரண்டாம் தடவை பாயசம் விட்டார்.

வென்றுவிட்ட சந்தோசத்தில் அதைக் குடித்தேன். ஒன்று மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது: மூன்று வோல்ட் உள்ள பற்றரி எப்படி நாளை மறக்கும்?